வேலி தாண்டும் கோழியும் அயல்வீட்டுப் பூண்டும்

பழனியாண்டவன் கொடியிலே சேவல் இருப்பதை அறியாதவர் நம் நாட்டில் இல்லை. கொடியில் ஏறிய அந்தச் சேவல் ஏறிய இடத்திலேயே நிற்கிறது. நம் வீட்டுக் கொல்லையில் வளரும் கோழியோ ஒரு நாழிகைகூட நிறுத்திய இடத்தில் நிற்பதில்லை. வேலியின்மேல் பறக்கிறது, வேலியின்கீழ் நுழைகிறது, கதவைத் திறக்கும்போது காலிடுக்கில் ஓடுகிறது. ஓடிய கோழி அயலார் தோட்டத்தில் நிற்கிறது. அங்கே தொடங்குகிறது வழக்கு.

இது சிறிய காரியம் என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். பூண்டுப் பாத்தி போட்டவரைக் கேட்டுப் பார்த்தால் தெரியும். மூன்று கோழிகள் ஒரு காலைப்பொழுது கிளறினால், நட்ட பற்கள் மண்ணின்மேல் மல்லாந்து கிடக்கும். கைத்தறி ஊர்களில் உள்ள நம் நெசவாளச் சகோதரர்களுக்கும் இத்தொல்லை புதிதன்று. தெருவிலே பாவு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கும் வேளையில், கஞ்சியின் சோற்று மணத்திற்கு வரும் கோழி இழைகளைக் கொத்துமேயானால், அறுந்த இழைகளைத் தேடி முடிவதற்கு அரைநாள் போய்விடும். ஆகவே பயிரிடுவோர்க்கும் நெய்வோர்க்கும் பொதுவான இப்பொருளைப்பற்றி, நாம் நேரில் கண்டவற்றைக் கொண்டும், நாம் செய்த பிழையைக் கொண்டும், சில சொற்கள் எழுதத் துணிந்தோம்.

மேல்மலையில் ஒரு வழக்கு

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்ட ஒரு கிளை. அதனைக் கீழ்மலை, மேல்மலை என்று இரண்டாகச் சொல்வது வழக்கம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்மலை ஊர்களில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகின்றன. கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய மேல்மலை ஊர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது என்பதை நம் அங்கத்தினர் அறிவர். அத்தகைய பூண்டுப் பாத்திகளுக்கு நடுவேதான் வீடுகளும், வீடுகளின் பின்புறம் கோழிகளும் உள்ளன.

மேல்மலைச் சிற்றூர் ஒன்றில் அடுத்தடுத்து இரு குடும்பத்தார். ஊரின் பெயரையும் அவர்கள் பெயரையும் நாம் குறிப்பிடப்போவதில்லை. ஒரு வீட்டு அம்மாள் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் வளர்த்தார். முட்டையும் குஞ்சும் விற்று வந்த காசே அவருடைய மகளின் பள்ளிச் செலவுக்கு ஆதாரம். அடுத்த வீட்டார் பூண்டு போட்டிருந்தார். கோழிகள் இரண்டு முறை பாத்தியைக் கிளறின. முதல் முறை, “அக்கா, கோழியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார் அவர். இரண்டாம் முறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், ஓடையிலிருந்து இரு வீட்டாரும் பொதுவாகப் போட்டிருந்த தண்ணீர்க் குழாயைத் தம் நிலத்தின் எல்லையோடு கழற்றிவிட்டார். பன்னிரண்டு கோழிகளுக்காக இரு குடும்பத்தின் தண்ணீர் முறை குலைந்தது.

இங்கே ஒன்று கூறவேண்டும். ஆடுமாடு பயிரை மேய்ந்தால் பட்டியில் அடைக்க வழியுண்டு. அதற்கென 1871ஆம் ஆண்டிலேயே கால்நடை அத்துமீறல் சட்டம் இயற்றப்பட்டது. யானை, ஒட்டகம் தொடங்கி, குதிரை, கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடுவரை அச்சட்டம் பெயர் சொல்கிறது. கோழியின் பெயர் அதில் இல்லை. கோழியைப் பட்டியில் அடைக்க இயலாது. அயலாரோடு பேசித்தான் தீர்க்க இயலும். பேசுவதற்கு முன்பே வேலியைச் சரி செய்துவிட்டால் பேச்சும் எளிதாகும்.

நாம் செய்த பிழை

அந்த அம்மாள் நம்மிடம் யோசனை கேட்டார். ஐந்தடி உயரத்திற்குக் கோழிவலை கட்டி, கோழிகளின் சிறகையும் கத்தரித்துவிடுமாறு கூறிவிட்டு வந்தோம். ஒரு மாதம் கழித்துச் சென்றபோது கோழிகள் பத்தே இருந்தன. எஞ்சியவையும் வழக்கம்போல் வெளியே மேய்ந்துகொண்டிருந்தன! வேலியையும் தாண்டிவிட்டன, தாண்டியவற்றுள் இரண்டைக் கீரி கொண்டுபோய்விட்டது. “சிறகு இருந்திருந்தால் மரத்திலாவது ஏறியிருக்கும், ஐயா” என்று அந்த அம்மாள் சொன்னபோது நமக்கு விடை இல்லை.

நின்று பார்த்த பிறகே விவரம் விளங்கிற்று. அவருடைய கொல்லை இரண்டு படிக்கட்டு நிலங்களைக் கொண்டது. மேற்படிக்கும் கீழ்ப்படிக்கும் இடையே நாலடி உயரக் கல்வரப்பு. கீழ்ப்படியின் எல்லையில் ஐந்தடி வேலி. கோழி கீழே நின்று ஐந்தடி தாண்டவில்லை. மேற்படியின் வரப்பில் ஏறி நின்றது. அங்கிருந்து பார்த்தால் வேலி அதற்கு ஓரடி உயரமே! சிறகு ஒன்று குறைந்த கோழிக்கும் அந்த ஓரடி பெரிதன்று. சமவெளியில் அளந்த அளவைக் கொண்டு மலையில் யோசனை சொன்னது நம் பிழை. அப்பிழையை ஏனையோர் செய்யாதிருக்கவே இதனை எழுதுகிறோம்.

கோழி ஏன் ஓடுகிறது?

வேலியை உயர்த்துமுன் கோழி ஓடுவதன் காரணத்தைக் காண்பது அறிவுடைமை. திருட்டுக் குணத்தால் எந்தக் கோழியும் ஓடுவதில்லை.

முதலாவது காரணம் பசியும் தாகமும். அடைப்பினுள் புல் பூண்டு அனைத்தையும் கொத்தித் தீர்த்து வெறுந்தரை ஆக்கிய பின்னர், வேலிக்கு அப்பாலுள்ள பசுமை அதனை இழுக்கிறது. நாள்தோறும் கீரைத் தண்டு, முட்டைக்கோஸ் இலை, காரட் தழை முதலிய கழிவுகளை ஒரு கட்டாகக் கட்டி, கோழிக்கு எட்டும் உயரத்தில் உள்ளே தொங்கவிடுவது நல்லது. கொத்துவதற்கு ஒன்று இருந்தால் கோழி வேலியைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, இட நெருக்கடி. இரவில் தங்கும் கூட்டில் கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி போதும். பகலில் உலாவும் அடைப்பிலோ குறைந்தது பத்துச் சதுர அடியாவது வேண்டும். நெருக்கத்தில் வலிய கோழி மெலிய கோழியைக் கொத்தும். கொத்துப்படும் கோழியே முதலில் வேலி தாண்டும். எப்போதும் ஒரே கோழிதான் வெளியே காணப்படுகிறது என்றால், அதன் தலையையும் முதுகையும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, முட்டையிட மறைவிடம் இல்லாமை. பேடு இருளும் ஒதுக்கமும் தேடும். உள்ளே கிடைக்காவிடில் புதரைத் தேடிச் செல்லும். ஐந்து பேடுகளுக்கு ஒன்று வீதம், வைக்கோல் இட்ட பெட்டியோ பழைய கூடையோ இருட்டான மூலையில் வைத்தல் வேண்டும். பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே முட்டையிடுவன. ஆகவே காலை பத்து, பதினொரு மணிவரை அடைப்பினுள்ளேயே வைத்திருந்து, பின்னர்த் திறந்துவிட்டால் முட்டை வீட்டில் தங்கும். நாட்டுக்கோழி ஆண்டிற்கு 60 முதல் 80 முட்டைகளே இடும். அவற்றுள் ஓர் ஈடு புதரில் போனாலும் நட்டம் சிறிதன்று.

நான்காவது, புதுக்கோழி. சந்தையில் வாங்கிய கோழிக்கு நம் வீடு வீடன்று. ஒரு வாரமாவது கூட்டினுள்ளேயே அடைத்துத் தீனி இடவேண்டும். அதன் பின்னர் அந்தி சாயும்போது அது தானே கூடு திரும்பும். மாலைத் தீனியை ஒரே வேளையில், ஒரே குரலில் ‘பா, பா’ என்று அழைத்து இடும் வழக்கம் எந்தக் கம்பிவேலியையும்விட வலியது என்பது அனுபவம் உடையோர் கண்டது.

மேலும் கீழும்

இனி வேலியைப் பார்ப்போம். கோழி செல்லும் வழிகள் மேல் வழி, கீழ் வழி, கதவு வழி என மூன்று.

மேல் வழிக்கு உயரம் ஒன்றே மருந்தன்று. கோழி ஒரே வீச்சில் வேலியைக் கடப்பது குறைவு. வேலியின் உச்சியில் முதலில் அமரும். பின்பு அப்பால் குதிக்கும். உச்சியில் மூங்கிலோ சட்டமோ வைத்துக் கட்டினால் அமர்வதற்கு நாமே ஆசனம் இட்டவர்கள் ஆவோம். வலையின் மேல் விளிம்பைச் சட்டமின்றித் தளர விட்டுவிடுக. தளர்ந்த விளிம்பில் கால் நிற்காது என்று கண்ட கோழி மறுமுறை முயல்வதில்லை. வேலிக்கருகே விறகுக் குவியல், சாணக் கூடை, தாழ்ந்த கிளை ஆகியன இருத்தலாகாது. கனத்த இனக் கோழிகளுக்கு நாலடி போதும். இலேசான நாட்டுக்கோழிக்கு ஆறடி வேண்டும். அல்லது மேலே நைலான் வலை விரித்து மூடிவிடலாம். பருந்துக்கும் அதுவே காப்பு. வீட்டில் மிஞ்சிய பருத்தி நூலைத் திரித்து வலை முடையலாமா என்று நெசவாள அன்பர் ஒருவர் வினவினார். முடையலாம், ஆயினும் ஐப்பசி கார்த்திகை மழையில் பருத்தி இற்றுப்போகும். கூரைக்குள் அடங்கிய இடத்திற்கு மட்டுமே அது தகும்.

கீழ் வழியே மலையில் பெருவழி. மழைநீர் சரிவில் ஓடும்போது வேலியின் அடியில் மண்ணை அரித்து வாய்க்கால் ஆக்கிவிடுகிறது. நேற்று இல்லாத வழி இன்று திறந்திருக்கும். வலையின் அடிப்பகுதியை ஓரடி ஆழம் புதைக்கலாம். பாறை நிலமாயின், வெளிப்புறமாக ஓரடி மடித்துத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் கல் அடுக்கலாம். மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் பின் வேலியைச் சுற்றி ஒருமுறை நடந்துவருதல் கோழி வளர்ப்போர் கடமை.

வலையின் கண் அளவும் கருதத்தக்கது. இரண்டங்குலக் கண்ணில் பெருங்கோழி அடங்கும், குஞ்சு அடங்காது. குஞ்சு வெளியே சென்றால் தாய் வேலியைப் பிய்த்துக்கொண்டு அலையும். அடியிலிருந்து இரண்டடி உயரம்வரை முக்கால் அங்குலக் கண் வலையும், அதற்கு மேல் பெரிய கண் வலையும் கட்டுவது சிக்கனமும் பாதுகாப்புமாம்.

கதவு வழிக்கு மருந்து, கதவு உட்புறமாகத் திறக்கும்படி அமைப்பதே. நாம் தள்ளி நுழையும்போது கதவே கோழியை உள்ளே ஒதுக்கும். கதவின் அடியில் ஒரு கை உயரத்திற்குப் பலகை தைத்தால் காலிடுக்கில் ஓடுவதும் நிற்கும்.

சரிவு நிலத்தின் கணக்கு

மேலே நம் பிழையைச் சொன்னோம். அதிலிருந்து பெற்ற விதிகள் இவை. இரண்டு படிகளை ஒரே அடைப்புக்குள் சேர்க்கலாகாது. ஒரு படி நிலத்தையே எடுத்து, கல்வரப்பின் அடியிலும் ஒரு வேலி இட்டு, கோழி வரப்பில் ஏறாமல் தடுத்தல் வேண்டும். இரண்டு படிகளும் வேண்டும் என்றால், கீழ்வேலியின் உயரத்தைக் கீழ்நிலத்திலிருந்து அளவாமல் கோழி நிற்கக்கூடிய மிக உயர்ந்த இடத்திலிருந்து அளக்கவேண்டும். அது முடியாதாயின் கீழ்ப்படியை முழுவதும் வலையால் மூடவேண்டும்.

மற்றொன்று, காட்டெருது. கொடைக்கானல் சுற்றுப்புறத்தில் காட்டெருதுகள் ஊருக்குள்ளும் வருவது நாமறிந்ததே. கீழ்மலையில் யானையும் பன்றியும் உண்டு. கோழிக்காக இட்ட மெல்லிய கம்பி அவற்றின் முன் நூலிழையே. ஆதலின் காட்டை ஒட்டிய எல்லையில் கோழி வேலி போடுவது வீண்செலவு. வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கொண்டு, மூன்று பக்கம் மட்டும் வேலி இடுவதே ஏற்றது. வலையும் நான்கில் ஒரு பங்கு மிஞ்சும்.

சிறகு கத்தரித்தல்

சிறகு கத்தரிப்பது தவறு என்று நாம் கூறவில்லை. இடமறிந்து செய்யவேண்டும். ஒரு பக்கச் சிறகின் நுனியிலுள்ள பத்துப் பெரிய இறகுகளை மட்டும், அவற்றை மூடிய சிற்றிறகுகளின் ஓரத்தோடு கத்தரித்தல் முறை. இரு பக்கமும் கத்தரித்தால் சமநிலை கெடாது. கோழி முயன்று பறக்கும். ஒரு பக்கம் மட்டுமே கத்தரித்தால் பறக்க எழுந்ததும் சாயும். முதிர்ந்த இறகில் வலி இல்லை. ஆனால் புதிதாய் முளைக்கும் இறகின் தண்டு இரத்தம் ஓடுவதால் கறுத்துக் காணும், அதைத் தொடலாகாது. ஆண்டுதோறும் இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்போது, கத்தரித்த பயன் நீங்கும், மீண்டும் செய்யவேண்டும்.

கீரியும் காட்டுப்பூனையும் நாயும் நடமாடும் இடத்தில், திறந்து மேயும் கோழிக்குச் சிறகு கத்தரிப்பது படைக்கலத்தைப் பறிப்பதற்கு ஒப்பாகும். வேலி முதலில், கத்தரிக்கோல் பிறகு.

இரவில் வேலியை நம்பலாகாது. மரநாய் வேலியில் ஏறும். கோழிவலையை நாய் கிழிக்கும். தரையிலிருந்து உயர்த்திய கூடும், அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பிவலையும், உறுதியான தாழும் வேண்டும். ஐந்தாறு கோழிகளே உள்ளவர்க்குப் பஞ்சாரமே போதும். ஆனால் அதனை வீட்டுத் திண்ணையில் வைத்துக் கவிழ்த்து, மேலே கல் வைக்கவேண்டும். மார்கழி, தை மாதங்களில் மேல்மலையில் உறைபனி விழும். காற்று வீசும் பக்கம் சாக்குப் படுதா கட்டுதல் நலம். மேற்புறம் சிறிது காற்றோட்டம் விடுதல் அதனினும் நலம்.

காட்டு உறவு

கோழியை அடைத்து வைப்பதற்கு அயலார் பூண்டு மட்டுமே காரணமன்று. பழனி மலைக் காடுகளில் சாம்பல் காட்டுக்கோழி வாழ்கிறது. நம் வீட்டுக் கோழிக்கு அது உறவு. கோழியினத்தின் முதற்பாட்டன் சிவப்புக் காட்டுக்கோழியே ஆயினும், வீட்டுக் கோழிகளின் மஞ்சள் தோல் நிறத்திற்குரிய மரபுக்கூறு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தார் முதலியோர் 2008இல் கண்டறிந்து வெளியிட்டனர். நம் மலைப்பறவையின் அடையாளம் உலகெங்கும் உள்ள கோழிகளின் காலில் மஞ்சளாய் நிற்கிறது!

உறவு நெருங்கியதாகையால் நோயும் நெருங்கியது. காட்டோரம் அலையும் கோழி வெள்ளைக் கழிச்சலைக் கொண்டுசெல்லவும் கூடும், கொண்டுவரவும் கூடும். இந்நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசியே காப்பு. கால்நடை பராமரிப்புத் துறையார் பிப்ரவரி மாதத்தில் நடத்தும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமை நழுவவிடலாகாது. முகாம் நாளன்று கோழி கையில் கிடைக்க வேண்டுமானால், அது வேலிக்குள் இருந்தாக வேண்டும். இன்னொன்றும் நினைவிற் கொள்க: கோழியைத் தேடிக் காட்டுக்குள் போனவர், காட்டுக்கோழிக்குக் கண்ணி வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நெசவு தந்த வலை

கோழிவலை என்று கடையில் வாங்குகிறோமே, அது பிறந்த கதை நம் நெசவாள அன்பர்களுக்கு உவப்பளிக்கும். இங்கிலாந்தில் நார்விச் என்னும் நகரம் பன்னெடுங்காலம் நெசவுக்குப் பெயர் பெற்றது. அந்நகரத்து இரும்பு வணிகர் சார்லஸ் பர்னார்டு என்பார் 1844இல் கம்பிவலை பின்னும் பொறியை அமைத்தார். துணி நெய்யும் பொறியைப் பார்த்தே அதனை அமைத்தார் என்பர். தறியைக் கண்ட கண்ணே கம்பியைப் பின்னிற்று. இன்று உழவர் கொல்லையைக் காக்கும் வேலி, நெசவாளர் தொழிலிலிருந்து பிறந்தது. நெய்வோரும் பயிரிடுவோரும் ஒரே இதழை வாசிப்பதில் வியப்பில்லை அன்றோ!

கூடிச் செய்தால்

கொல்லைக் கோழியும் கூடி முயன்றால் குடும்பத்தைத் தாங்கும் என்பதற்கு மார்த்தாண்டம் சான்று. அன்று திருவிதாங்கூரில் இருந்த அவ்வூரில், 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், நல்லினக் கோழிகளைப் பரப்பியதோடு நில்லாது, வீட்டார் இட்டு வைத்த முட்டைகளை ஒன்றுசேர்த்து விற்கும் குழுக்களையும் அமைத்தார். தனி வீட்டின் நான்கு முட்டைக்குத் தரகர் சொல்வதே விலை. ஊர் முட்டைக்கு ஊர் சொல்வதே விலை.

வேலிக்கும் இது பொருந்தும். கம்பிவலையைச் சுருளாக வாங்கினால் அடிக்கணக்கில் வாங்குவதைவிட மலிவு. ஒரு வீட்டுக்கு ஒரு சுருள் மிகை. நான்கு அங்கத்தினர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்தால் செலவும் குறையும்; அடுத்தடுத்த கொல்லைகளுக்கு நடுவேலி ஒன்றே போதும்.

நாம் முதலில் கூறிய இரு வீட்டாரும் இறுதியில் அதையே செய்தனர். பூண்டுக்காரர் பாதிச் செலவு ஏற்றார். அந்த அம்மாள் மீதியை ஏற்று, அடைப்பிலிருந்து அள்ளும் கோழி எருவில் பாதியைப் பூண்டுப் பாத்திக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். வேலி கீழ்ப்படியில் மட்டும் அமைந்தது. கல்வரப்பு வெளியே நின்றது. நாம் கடைசியாகச் சென்றபோது கோழிகள் எட்டு, புதிய குஞ்சுகள் பதினொன்று, எல்லாம் உள்ளே. தண்ணீர்க் குழாய் மீண்டும் இரு நிலத்திலும் ஓடிற்று. இரு வீட்டாரும் முன்போலப் பேசிக்கொள்கிறார்களா என்று வினவினோம். “தேவைக்குப் பேசுகிறோம்” என்றார் அந்த அம்மாள். வேலி கட்ட ஒரு நாள் போதும். மனம் கட்ட நாளாகும்.

ஆதலின் அங்கத்தினர்களே, அடுத்த மழைக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் உங்கள் கொல்லையைச் சுற்றி நடந்து பாருங்கள். கோழியின் கண்ணால் பாருங்கள்: எங்கே ஏறலாம், எங்கே நுழையலாம், எதற்காக ஓடலாம் என்று. அயலார் வந்து சொல்லுமுன் நீங்களே அந்த வழியை அடைத்துவிட்டால், கோழியும் மிஞ்சும், பூண்டும் மிஞ்சும், உறவும் மிஞ்சும்.